சாரல் கலைத்த முகம்

நேற்று, இறந்துபோன அப்பாவின் முகத்தைக் கரியால் வரைந்து, நீலாயில் என் வீட்டு ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தபோது சாரல் அடித்துக் கலைந்திருந்தது. ஈரக்கரியின் வாசனை என்னை நான் வளர்ந்த ரந்தாவ் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனது.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் அம்மாவின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. அடுப்புக்கரியால் சமையலறைச் சுவரில் அம்மாவை வரைந்தேன். மூக்குத்திவரை அப்படியே வந்திருந்தது. பால்மரம் சீவிவிட்டு வரும் அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். வேலை வாங்கும் மண்டோர் ஏசியது, மழையில் வேலை நின்றது எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வார். பக்கத்தில் நானும் தட்டோடு இருப்பேன்.

ஒரு மழையில் தகரக்கூரை ஒழுகி, அம்மாவின் முகம் வெறும் கறுப்புக் கறையானது.

“திரும்ப வரையட்டுமாப்பா?” என்றேன்.

“வேணாம்லா. எனக்குத் தெரியுது.”

அன்றும் அவர் அந்தக் கறையோடுதான் பேசினார்.

நான் ஓவியரானேன். சில காலம் முகங்களை வரைகிறேன், சில காலம் உருவமே இல்லாத வண்ணங்களை. ஏன் ஒன்றிலேயே நிற்பதில்லை என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

இன்று கலைந்துபோன அப்பாவின் முன் காப்பியோடு உட்கார்ந்தேன். எனக்கும் அவர் தெரிந்தார். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.