கண்ணக்காவின் நேர்கோடு

அந்த பார்லரில் அவளுக்குப் பெயர் கண்ணக்கா. முடி வெட்ட ஒருத்தி, முகத்துக்கு ஒருத்தி, நகத்துக்கு ஒருத்தி என்று ஆள் பிரித்து வைத்திருந்த இடத்தில் கண்ணுக்கு மட்டும் இவள். கல்யாணப் பெண்கள் நாள் குறிக்க போன் செய்யும்போதே, "கண்ணக்கா இருப்பாங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்கள். இமையோரம் ஐலைனரை வைத்து ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் மூச்சுகூட விடமாட்டாள். கோட்டின் வால் இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் மேலேறி நிற்கும். இதற்காக அவள் அலட்டிக்கொண்டதே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே அலட்டிக்கொள்வாள். வேறு யாராவது போட்டுவிட்ட மையைப் பார்த்தால், "யாரு, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாங்களா?" என்று கேட்காமல் நகரமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் ஆடியது. அப்புறம் சாவி பூட்டுக்குள் போக அடம் பிடித்தது. ஒரு நாள் வாடிக்கையாளரின் இமையில் கோடு கோணிக்கொண்டு போனதும் தானாகவே வேலையை நிறுத்திக்கொண்டாள். "நரம்பு விஷயம். மாத்திரையில குறையும். முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். முதல் பாதி மட்டும் அவள் காதில் ஏறியது. பார்லரை நடத்துகிறவள் அவளைவிட வயதில் சின்னவள், நல்ல மனசுக்காரி. "கை சரியானதும் வாங்கக்கா, உங்க இடத்துல யாரையும் போட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் இருந்தவளுக்குச் சுவரைப் பார்ப்பதும் அழுவதும்தான் வேலை. அவள் கணவர் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பழைய தொடுதிரை டேப் ஒன்றைச் சரிசெய்து, அதன்மேல் வரைய ஒரு பேனாவும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

"சும்மா வரைஞ்சு பாரு. கைக்கும் பயிற்சி, பொழுதும் போகும்."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"ஆயிரம் கண்ணுல வரைஞ்சவ, கண்ணாடில வரைய மாட்டியா?"

அவர் முதலில் போட்டுக் கொடுத்த செயலியில் திரையின் நாலு பக்கமும் பொத்தான்கள். வரைவதற்கென்று நடுவில் கையகல இடம். பேனாவே நூறு வகை, அதில் எது பேனா, எது பிரஷ் என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுக்குத் தலை சுற்றியது. இரண்டாவது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் கோடு போட்டால் ஒரு விளம்பரம், அழித்தால் ஒரு விளம்பரம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். இரண்டிலுமே கோடு புழு நெளிந்த மாதிரி வந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. டேப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மூன்றாவது ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். "இதுதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரே ஒரு கோடு போடு, போதும்."

வேண்டாவெறுப்பாகப் போட்டாள். கோடு வழுக்கிக்கொண்டு போனது. பிசிறில்லை, நெளிவில்லை. இன்னொன்று போட்டாள். வளைத்து வாலைத் தூக்கினாள். பழைய கண்ணக்காவின் கோடு! பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களையே பார்த்தாள்.

"என் கைங்க இது" என்றாள்.

"பின்ன யார் கை?" என்றார் அவர்.

அன்றிலிருந்து டேப்பும் கையுமாக ஆகிவிட்டாள். லேயர் என்றால் என்ன என்று மகள் விளக்க வந்தபோது, "இது எனக்குத் தெரியாதா? அடியில ஃபவுண்டேஷன், மேல கலர், அதுக்கும் மேல கோடு. ஒண்ணு கெட்டா அதை மட்டும் துடைக்கணும்" என்று அவளுக்கே பாடம் எடுத்தாள். தவறினால் ஒரு தட்டில் அழிந்துவிடுவது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எத்தனை முறை துடைத்தாலும் இதில் தோல் சிவக்காதே. மகளின் கண், பக்கத்து வீட்டுக்காரியின் கண், நாத்தனாரின் கண் என்று வளைத்து வளைத்து வரைந்தாள். நாத்தனார் தன் கண்ணைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாள். "அண்ணிக்குக் கை பழையபடி வந்துடுச்சு" என்று அவள் சொல்லக் கேட்டபோது இவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. டீ டம்ளர் இன்னும் லேசாக ஆடத்தான் செய்தது; மாத்திரையில் அதுவும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு விஷயம் மட்டும் இடித்தது. பேனா முன்னால் போகும், கோடு ஒரு கணம் கழித்துப் பின்னால் வரும். படத்தின் மூலையில் பொடியாகக் கையெழுத்துப் போடப் பார்த்தால், எழுத்தெல்லாம் வழவழவென்று உருண்டு என்னவோ ஆகிவிடும். கணவரிடம் கேட்டாள். "பழைய டேப் இல்லையா, கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும்" என்றார். போன் வைத்தியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பார்லர்க்காரி போன் செய்தாள். இன்னொரு கிளை திறக்கிறாளாம். "அக்கா, அங்க புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்க்க ஆள் வேணும். நீங்க பிரஷ்ஷைத் தொடவே வேணாம். நின்னு பார்த்துத் திட்டினா போதும், அது உங்களுக்குக் கைவந்த கலைதானே."

இவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு எதுக்கும்மா அது? என் கை சரியாயிடுச்சு. என் இடத்தைக் கொடு, அது போதும்" என்றாள்.

"நிஜமாவா அக்கா? அப்போ அதை வேற ஒருத்தருக்குச் சொல்லிடட்டுமா?"

"தாராளமா சொல்லு."

கணவர் அதே சோபாவில், இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். யாருடைய போனையோ துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அவள் அவர் பக்கம் திரும்பிப் பெருமையாகத் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார்.

போக வேண்டிய நாளில் அவள் சீக்கிரமே தயாராகிவிட்டாள். பிரஷ்களைக் கழுவிக் காயவைத்து உறையில் செருகிக்கொண்டாள். கணவர்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "ஜமாய்" என்றார்.

பார்லரில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். கண்ணக்கா வந்தாச்சு, கண்ணக்கா வந்தாச்சு என்று ஒரே சத்தம். முதல் ஆளே கல்யாணப் பெண். வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடி, "உங்களைப் பத்திச் சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றாள். இவள் மூச்சைப் பிடித்து, சுண்டுவிரலை அவள் கன்னத்தில் ஊன்றி, பிரஷ்ஷை இமையோரம் வைத்தாள்.

கோடு துள்ளியது. சரி, பதற்றம் என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் துள்ளியது. மூன்றாவது தடவை பிரஷ்ஷின் நுனி இமைக்குள் இடித்துவிட்டது. பெண் கண்ணைத் திறந்து, நீர் வழிய, இவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, உங்க கை இப்படி ஆடுது?" அவளுடைய அம்மா எழுந்து வந்துவிட்டாள். "வேற யாரும் இல்லையா இங்க?" என்ற அவளுடைய குரல் கடைசி நாற்காலிவரை கேட்டது. கத்தரிக்கோல்கள் நின்றன.

பார்லர்க்காரி ஓடிவந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். "நீங்க கொஞ்ச நேரம் உள்ள உக்காருங்கக்கா." பிறகு உள்ளே வந்து, இவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மேற்பார்வைக்கு ஆள் சொல்லிட்டேன் அக்கா. அவங்க இருந்த வேலையையும் விட்டுட்டு வந்துட்டாங்க. இப்போ என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு நடந்தே வந்தாள். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள், "என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள். பதில் சொல்லாமல் டேப்பை எடுத்தாள். நின்றபடியே ஒரு கோடு போட்டாள். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. உயிரே வந்தது அவளுக்கு.

"பாருடி, இதுல எவ்வளவு நல்லா வருது! அங்க ஏன் வரலை? பயந்துட்டேனா நான்?"

மகள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். "அம்மா... அப்பா உன்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"எதை?"

"இன்னிக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிடுவார்னு நெனச்சேன்."

"எதைடி?"

மகள் டேப்பை வாங்கி, இவள் ஒருநாளும் தொடாத ஒரு மெனுவைத் திறந்தாள். "இதுக்கு ஸ்டெபிலைசர்னு பேரும்மா."

"ஃபிரிட்ஜுக்கு மாட்டுவாங்களே, அதுவா?"

"கிட்டத்தட்ட அதேதான். கை ஆடினாலும் இது நேராக்கிக் கொடுத்துடும். அதனாலதான் கோடு பின்னால வருது, கையெழுத்தும் உருண்டு போகுது. நிறைய பேர் கொஞ்சமா வெச்சுப்பாங்க. அப்பா நூறுல வெச்சிருக்கார்." விரலால் அதைப் பூஜ்யத்துக்குத் தள்ளினாள். "இப்போ போடு."

போட்டாள். புழு வந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. முதலில் அவமானம்தான் வந்தது. இந்தக் கோட்டை வைத்துக்கொண்டா நாத்தனாரின் புகழ்ச்சியில் குளிர்ந்தோம், மகளுக்குப் பாடம் எடுத்தோம், வந்த வேலையை வேண்டாமென்று சிரித்தோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அப்புறம்தான் கோபம் வந்தது. வந்த கோபம் சாயங்காலம்வரை ஆறவில்லை.

கணவர் உள்ளே நுழையும்போது அவள் சாப்பாட்டு மேஜையில் டேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"யார் யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"பாப்பாவுக்கு. அப்புறம்... என் தங்கச்சிக்கு."

"ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது. குடும்பமே கூடி நின்னு என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

"அப்படி இல்லம்மா. நீ குப்புறப் படுத்து அழுதுட்டே இருந்த. ரெண்டு நாள் சிரிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான். நீ சிரிச்ச. அப்புறம் எனக்கு வாயே வரலை."

"சரி. ரெண்டு நாள் சிரிக்க வெச்சீங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. அவ போன் பண்ணினப்போ பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நான் வேணாம்னு சொன்னது காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சு."

"அப்போ வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

அவர் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார்.

"இன்னிக்குக் காலைல வண்டியில கொண்டு போய் விட்டீங்க. வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே திரும்பியிருப்பேன். கை நடுங்குறது என் தலையெழுத்து, அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அத்தனை பேர் முன்னாடி அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு நிறுத்தினா பாருங்க, அது நீங்க பண்ணினது."

"தப்புதான்" என்றார். "உன் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரலை."

"உங்க மனசுக்குக் கஷ்டமா இருக்கும்னு என்னை அனுப்பி வெச்சீங்க."

அவள் டேப்பைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த எண் பூஜ்யத்திலேயே இருந்தது. எதிரில் நின்றவரின் கண்ணை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தாள். கோடு உதறியது, உடைந்தது. உடைந்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினாள். எதையும் அழிக்கவில்லை. இமை தடித்து, கலங்கி, மூன்று நான்கு கோடுகளாக வந்தது. கண்ணுக்கடியில் தொங்கும் சதையும் வந்தது. முடித்ததும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் குனிந்து பார்த்தார்.

"இது நல்லா இருக்கும்மா. நிஜமாவே நல்லா இருக்கு."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மூன்றாவது செயலியில் முதல் கோடு போட்ட அன்று பார்த்த அதே முகம்தான். அன்றும் இப்படித்தான் இருந்தது. நம்பத்தான் ஆசையாக இருந்தது. எப்படி நம்புவது என்றுதான் தெரியவில்லை.