சம்பந்தியோடு பைக் பிடிக்கப் போனேன்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ராய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, பனிக்கட்டியாய் உறைந்த மத்தி மீன் பொட்டலம் ஒன்றை என் மனைவி வசந்தாவின் கையில் கொடுத்தார். "நாளைக்கு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். தொப்பியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் ஏதோ செய்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ராய் யாரென்றால், எங்கள் மகள் கயல்விழி கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட டேனியல் என்ற பையனின் அப்பா. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என் வயதுதான் இருக்கும். மறுநாள் காலை என்னைப் பைக் மீன் பிடிக்க அழைத்துப் போவதாகப் பிள்ளைகள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். வசந்தா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனாள். "பாத்தீங்களா, மாப்ள வீட்டு சீரு! தட்டு இல்ல, பழம் இல்ல, மீனாவே வந்து எறங்கிருக்கு" என்றாள். அன்றிரவே புளி கரைத்து, பூண்டு தட்டிப்போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள்.

காலையில் ராய் வந்து, "இரை எங்கே?" என்று கேட்டார். வசந்தா பெருமையோடு சட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். அவர் சிறிது நேரம் சட்டியையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் நாகப்பட்டினம் கடற்கரையில் ஏழை வீட்டுச் சோற்றுக்கு ருசி கொடுக்கிற மத்தியை இந்த ஊரில் மீனுக்குத் தீனியாகப் போடுகிறார்கள். செத்த மத்தியை முள்ளில் கோத்து ஆற்றின் அடியில் கிடத்திவிட்டு, பல் நிறைந்த பைக் மீன் வந்து எடுக்கிறதா என்று பார்த்தபடி குளிரில் உட்கார்ந்திருப்பார்கள். பிடித்த மீனைத் தின்னவும் மாட்டார்கள். அளந்து பார்த்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். வசந்தாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். குழம்பையும் சோற்றையும் டப்பாவில் கட்டிக் கொடுத்து, "மீனுக்குப் போடாதீங்க, அவருக்குப் போடுங்க" என்று அனுப்பிவைத்தாள். போகிற வழியில் ராய் வேறு மத்தி வாங்கிக்கொண்டார்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே, ஃபென்ஸ் என்கிற தாழ்ந்த சமவெளியில். வசந்தா நர்ஸ் வேலைக்கு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து பேருந்துப் பணிமனையில் மெக்கானிக் ஆனேன். வந்த முதல் வாரமே இந்த நிலத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஒரு மேடு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், அதன் நடுவே நூல் பிடித்ததுபோல் வாய்க்கால், வாய்க்கால் முடிவில் மதகு. எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கடைமடையை யாரோ பெயர்த்து வந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டார்களோ என்றிருந்தது. நெல்லுக்குப் பதில் கோதுமையும் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கும். எங்கள் ஊரில் தண்ணீர் வரவில்லையே என்று அழுவோம். இங்கே தண்ணீரை இறைத்து வெளியே தள்ளாவிட்டால் ஊரே மூழ்கிவிடும் என்கிறார்கள்.

அன்று என் கவலை வேறு. மீன் பிடிப்பது ஒரு சாக்குதான், ராய் இன்று கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று நினைத்தேன். டேனியலும் கயலும் கேட்டுப் பல மாதங்கள் ஆகியும் நான் "பார்ப்போம்" என்ற சொல்லிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன். பையன் தங்கமானவன். வசந்தாவுக்குச் சம்மதம். ஆனால் ஊரில் இருக்கும் அண்ணன், "பொறுடா, நம்ம பக்கத்துல ரெண்டு எடம் பாத்துவச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் சொல்லைத் தட்டிய பழக்கம் எனக்கில்லை. நான் எதுவும் சொல்லாமல் இருக்க இருக்க, கயல் வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

ராய் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரையில் இரண்டு தூண்டில் கோல்களைத் தாங்கியில் வைத்தார். ஒவ்வொரு கோலின் பின்பக்கமும் சிவப்புக் குண்டு ஒன்று தூண்டில் நரம்பில் மாட்டி நின்றது. "இதைப் பார்த்துக்கொண்டிரு" என்றார். எங்கள் ஊரில் தக்கை தண்ணீருக்குள் மூழ்கினால் மீன். அதனால் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுப் பக்கம் குண்டு தொப்பென்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. ராய் துள்ளி எழுந்து, "ரன்! ரன்! உனக்கு ரன்!" என்று கத்தினார். ஏதோ மாடு முட்ட வருகிறது என்று நினைத்து நான் எழுந்து ஓடினேன். கார் நிற்கிற இடம்வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். பைக் இரையை எடுத்துக்கொண்டு ஓடுவதைத்தான் இவர்கள் 'ரன்' என்கிறார்கள் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ராயால் விளக்கக்கூட முடியவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. மீன் போய்விட்டது. மத்தியின் மேல் வரிசையாகப் பல் தடம் மட்டும் இருந்தது.

மதியம் அவர் குழம்பு சாப்பிட்டார். முதல் கவளத்தில் மூக்கு சிவந்தது. ஆனாலும் டப்பாவை வழித்துத்தான் வைத்தார். "பைக்குகளுக்கு இதைக் கொடுத்தால் தாமாகவே கரை ஏறும்" என்றார். பிறகு தேநீர்க் குடுவையை எடுக்கக் காருக்குப் போனார். அந்த நேரம் பார்த்து என் கோலில் குண்டு விழுந்தது. இம்முறை நான் ஓடவில்லை. எங்கள் ஊர் முறைப்படி அசையாமல் இருந்தேன். விரால் கவ்வினால் வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் விட வேண்டும், நன்றாக விழுங்கிய பிறகுதான் இழுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ராய் திரும்பி வந்து, விழுந்து கிடந்த குண்டைப் பார்த்தார்.

"எப்போது விழுந்தது?"

"கொஞ்ச நேரம் ஆகிறது. விழுங்கட்டும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. குடுவையைப் புல்லில் போட்டுவிட்டுக் கோலை என் கையில் திணித்தார். மீன் வந்தது. முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. ராய் அதை ஈரப் பாய் ஒன்றில் கிடத்தி, மண்டியிட்டு, நீளமான இடுக்கியைச் செவுள் வழியாக நுழைத்து, மூச்சுவிடாமல் முள்ளைத் திருப்பி எடுத்தார். பிறகு முழங்கையளவு தண்ணீரில் கையை விட்டு மீனை நிமிர்த்திப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். அந்தக் குளிரில் அவர் விரல்கள் நீலம் பூத்தன. நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். ஒரு மீன் செத்துவிடக் கூடாதே என்று நான் வேண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒருவழியாக வால் ஆடியது. மீன் மெல்ல நகர்ந்து இருட்டுத் தண்ணீருக்குள் போனது.

ராய் கோபப்படவில்லை. "விழுங்க விடக் கூடாது. குண்டு அசைந்ததுமே நீ கையில் எடுக்க வேண்டும்" என்றார். பிறகு எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார். பெரிய மத்தியை எடுத்துவிட்டுச் சிறியதைக் கோத்தார். நரம்பில் இருந்த இரண்டு முட்களில் மேல்முள்ளை வாலின் அடியிலும் மற்றதைச் சற்றுத் தள்ளி விலாவிலும் குத்தி, முனைகள் வெளியே தெரியும்படி வைத்தார். பைக் இரையைத் தலைப்பக்கமாகத்தான் விழுங்கும். வால்பக்கம் முள் இருந்தால் இழுத்ததும் அது வாயோரத்தில் மாட்டும் என்றார். காற்றில் நரம்பு மேலே மிதந்து தொய்ந்தால் மீன் எடுத்த சேதி கரைக்கு வந்து சேராது என்று சொல்லி, கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, நரம்பை மூழ்கவிட்டு விறைப்பாக்கினார். மீன் அந்தப் பக்கம் போனால் நரம்பு இழுபடும், நம் பக்கம் வந்தால் தொய்யும். எப்படியானாலும் குண்டு விழுந்துவிடும். அதுதான் அதன் சூட்சுமம். நமக்கு விரால் குழம்புக்கு வேண்டும், ஆகவே பொறுக்கிறோம். இவருக்கு மீன் உயிரோடு வேண்டும், ஆகவே பொறுக்கக் கூடாது. இது எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது.

பொறுப்பது என்றதும் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். ஆட்சி மாறி, குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்திருந்த காலம். சுவரெல்லாம் கட்சிச் சின்னம், வரப்பெல்லாம் தகராறு. அப்பா எதற்கும் பதறமாட்டார். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்த வருஷம், குறுவை முற்றித் தலைசாய்ந்து நின்றபோது, மிராசுதார் ஆள் அனுப்பி, "இந்த வெள்ளாமை எனக்கு, வெளியூர் ஆளை வச்சு அறுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்தார். "உத்தரவு வரும், பொறுங்க" என்றார்கள். திரும்பி வந்தவர் கஞ்சியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி, "பொறுத்தது போதும், அறுத்துருவோம்" என்றார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

விடிந்தபோது வயலில் ஆணும் பெண்ணுமாக ஆட்கள் நின்றார்கள். முன்பொரு வருஷம் கூலி கூட்டிக் கேட்டு அவர்கள் வேலைக்கு இறங்காமல் நின்றபோது, கேட்ட கூலியைத் தகராறில்லாமல் அளந்து கொடுத்தவர் அப்பா. யாரும் அதை மறக்கவில்லை. அண்ணனும் நானும் அரிவாளோடு இறங்கினோம். வெயில் ஏறுவதற்குள் கட்டுகள் களத்துக்குப் போய்விட்டன. வெளியூர் ஆட்கள் வந்து பார்த்தபோது தாள்தான் நின்றது. அவர்களில் மூத்தவர் வரப்பில் நின்று சிரித்துவிட்டார். "எங்களுக்கு வேலை இல்லாம பண்ணிட்டீங்களே, குடிக்கத் தண்ணியாவது குடுங்கய்யா" என்றார். அம்மா மோர் கொடுத்தாள். பின்னால் பதிவும் அப்பா பேரிலேயே ஆனது. அன்று களத்தில் அப்பா துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடியதை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாலை வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. குண்டு முதலில் நடுங்கியது. பிறகு விழுந்தது. ராய் ஒன்றும் கத்தவில்லை. நான் கோலை எடுத்து, ரீலைச் சுற்றித் தொய்வை வாங்கினேன். நரம்பின் மறுமுனையில் உயிருள்ள பாரம் ஒன்று தட்டியது. உடனே ஓங்கி இழுத்தேன். கோல் வில்லாக வளைந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் என்னென்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ராய் அத்தனைக்கும் "எஸ், எஸ்" என்று பதில் சொன்னார். பச்சையும் பொன்னுமாய் என் கை நீளத்துக்கு ஒரு பைக். முள் வாயோரத்தில் அழகாக மாட்டியிருந்தது, ஒரு திருகில் வந்துவிட்டது. மீன் எங்களை முறைத்துப் பார்த்தது. கயல்விழி என்றால் என்ன அர்த்தம் என்று ராய் கேட்டார். மீன் போன்ற கண்ணுடையவள் என்றேன். அவர் பைக்கின் கண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, "டேனியலிடம் சொல்லிவிடாதே" என்றார்.

மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, நெஞ்சில் இருந்தது தானாக வந்தது. "இனிமேல் காத்திருக்க வேண்டாம், ராய்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஆமாம், குளிரும்தான்" என்று கோல்களை மடிக்க ஆரம்பித்தார்.

"மீனைச் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சொல்கிறேன். கல்யாணம். எனக்குச் சம்மதம்."

அவர் பாதி மடித்த கோலைப் புல்லில் வைத்தார். பிறகு, "என் மனைவி லிண்டா வாராவாரம் உன்னைக் கேட்கச் சொன்னாள். உங்கள் முறை என்னவென்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான்" என்றார். மத்தி நாற்றம் அடிக்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அன்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, சம்பந்தியோட பைக் பிடிக்கப் போயிருந்தேன்" என்றேன். "எந்தக் கம்பெனி வண்டிடா?" என்றார். மீன் என்று விளக்கினேன். முடிவையும் சொல்லிவிட்டேன். போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். என் காது சுட்டது.

கடைசியில், "அந்த மீன என்னா பண்ணுனீங்க?" என்றார்.

"திரும்ப விட்டுட்டோம், அண்ணே."

"விட்டுட்டீங்களா? அவ்ளோ பெரிய மீனையா? அறிவு கெட்டவனே!" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை திட்டினார். திட்டி முடித்தவர் குரல் தணிந்தது. "கயலு சந்தோசமா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "அப்பறம் என்னத்துக்கு என்னைக் கேட்டுக்கிட்டு கெடந்தே? அறுப்பு முடிஞ்சதும் இங்க வந்து வைங்க. ஊருக்கே சோறு போடறேன்" என்றார்.

அறுப்பு முடிந்து கீழ்வேளூரில் மண்டபம் பிடித்தோம். ராய் வேட்டி கட்டி, அவிழ்ந்துவிடாமல் இருக்க இடுப்பில் பெல்ட் போட்டு, மேளச் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கும்பகோணத்திலிருந்து வந்த போட்டோக்காரத் தம்பி, "மாப்ள வீட்டுக்காரங்க எல்லாம் இந்தப் பக்கம், பொண்ணு வீட்டுக்காரங்க அந்தப் பக்கம்" என்று பிரித்து நிறுத்தினார். ராய்க்கும் லிண்டாவுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லி, அவர்களை வரிசையில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் நான் மாப்பிள்ளை வீட்டாரோடு நிற்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன், "டேய், இங்க வாடா" என்று கையசைத்தார். நகர்ந்தேன். ராய் என் சட்டையைப் பிடித்து ஏதோ கேட்டார். திரும்பினேன். "சார், நீங்க எந்தப் பக்கம் சார்?" என்றார் தம்பி. பதில் சொல்வதற்குள் விளக்கு மின்னிவிட்டது.

அந்தப் படம் இரண்டு வீட்டிலும் மாட்டியிருக்கிறது. இரண்டு பக்கத்து மனிதர்களும் தெளிவாக, சிரித்தபடி விழுந்திருக்கிறார்கள். நடுவில் நான் மட்டும் கலங்கலாக இருக்கிறேன், ஒரு கால் தரையில் இல்லை. எங்களை நோக்கித்தான் வருகிறான் என்கிறார் அண்ணன். எங்களை நோக்கித்தான் வருகிறார் என்கிறார் ராய்.