டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆபீஸில் பியூன் முதல் அண்டர் செக்ரட்டரி வரை எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ஒரே மனிதரிடம் ஒன்பது வருடம் விடாமல் கோபப்பட்டேன் என்றால் அது நல்லசிவத்திடம்தான்.

1992-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மங்களம் மாமி, அதாவது நான், மனு டைப் அடித்துத் தருவாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பளபளக்கும் ஷூ, கக்கத்தில் ஒரு ஃபைல். கரோல் பாகில் ஒரு துணிக்கடையில் வாட்ச்மேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

ஃபைலிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுப்பது. மருத்துவப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: மனநோய், பணிக்குத் தகுதியற்றவர்.

“இந்த வரி போகணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

அந்த வரியால் போனது அவர் மனைவி பூங்கோதை. 1985-ல் அவர் ஊருக்குத் திரும்பியதும் மைத்துனர் அந்தப் புத்தகத்தை ஒரு வாத்தியாரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே வாரத்தில் தங்கையைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். “பைத்தியத்தோட என் தங்கச்சி வாழ மாட்டா” என்று தெருவே கேட்கச் சொன்னாராம். பட்டாளத்தின் தலைமை ஆபீஸ் டில்லியில்தானே, அந்த வரி இங்கேதான் அழியும் என்று நல்லசிவம் அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார். ஏழு வருடம் ஆபீஸ் ஆபீஸாகத் தனியே அலைந்த பிறகுதான் என்னிடம் வந்தார்.

கல்யாணமாகி இரண்டு வருடம், அதில் சேர்ந்து இருந்தது லீவு நாட்களான எழுபது நாள். அந்த எழுபது நாளைத்தான் ஞாயிறுதோறும் என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார். பூங்கோதை பெரியவளான பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டாளாம். வெளியே போனால் பஸ் போர்டு, கடைப் பலகை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பாளாம்.

“இங்க எல்லாம் இந்தியில்லா எழுதியிருக்கு. பஸ்ல போகும்போது அவளுக்காக நான் மனசுக்குள்ள வாசிச்சுக்கிட்டே வருவேன்” என்றார் ஒருநாள். காபி ஆறிப்போகிறது என்று அவரைத் திட்டினேன்.

நான்கு வருடத்தில் மூன்று மனு போட்டோம். மூன்றும் ஒரே பதிலோடு திரும்பி வந்தன: புதிய ஆதாரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் பூங்கோதைக்கு ஒரு கடிதம் போடுவார். ‘மனு போட்டிருக்கிறேன். வரி போனதும் வந்து கூட்டிப் போகிறேன்.’ பதில் வராது.

மூன்றாவது மனு திரும்பிய அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. “நான் பைத்தியம் இல்லைன்னு பைத்தியமும்தான் எழுதும்! கடைசியா டூட்டி பார்த்த அந்த மலையில என்னதான் நடந்தது? சொல்லித் தொலையுங்கோ, இல்லேன்னா இனிமே என் வாசல்படி ஏறாதேள்” என்று கத்தினேன்.

ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

பனிமலையில் எட்டுப் பேர் இருந்த காவல் முகாம். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் லீவு. அப்பா இறந்த சேதி சொல்லும் கடிதம் அவர் கைக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை அவருடைய கூட்டாளி ஜோதிலிங்கம் தன் கல்யாணத்துக்குக் கிளம்புவதாக இருந்தது. சாவுச் செய்தியைச் சொன்னால் லீவு இவருக்கு மாறும், ஜோதிலிங்கத்தின் கல்யாணம் நிற்கும். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் மூத்த மகன் அல்லவா? சவரம் செய்யவில்லை. வெறும் தரையில் படுத்தார். காலையில் டப்பா மூடியில் சோற்றை வைத்துப் பாறைமேல் நின்று காக்கையைக் கூப்பிட்டார். அந்த உயரத்தில் ஏது காக்கை? மஞ்சள் மூக்கோடு ஏதோ கறுப்புப் பறவை வந்து கொத்தியது. அது கொத்தாமல் இவர் சாப்பிடுவதில்லை. ஐந்தாம் நாள் பனிக்காற்றில் ஒன்றும் வரவில்லை. பட்டினியாக நின்று நின்று மயங்கி விழுந்தவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

“ஏன் சாப்பிடலைன்னு டாக்டர் கேட்டாரு. அப்பா இன்னும் வரலைன்னேன். அப்பா எங்கன்னு கேட்டாரு. தினமும் பறந்து வந்து சோறு சாப்பிடுவாருன்னேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “அப்பா செத்துப்போனதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா ஜோதிலிங்கத்தத் திரும்பக் கூப்பிட்டிருவாங்க. தாலி கட்டி முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள எழுதிட்டாங்கம்மா. அதுக்குப் பொறவு சொன்னா யாரு நம்புவா?”

“நாலு வருஷமா என்கிட்டயாவது சொன்னேளா?”

“அவன் காதுக்குப் போனா, தன்னாலதான்னு மனசு ஒடிஞ்சுபோவான்.”

அவரிடம் கேட்காமலே நான் ஜோதிலிங்கத்தைத் தேடி எழுதினேன். கண்டுபிடிக்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. அவர் டில்லிக்கே வந்து, நல்லசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நோட்டரி முன் சாட்சி எழுதிக் கொடுத்தார். ஊரிலிருந்து இறப்புச் சான்றிதழ் வந்தது. அதன் பிறகு வக்கீல், கோர்ட், மறுபடியும் மெடிக்கல் போர்டு. 2001 ஆகஸ்டில் உத்தரவு வந்தது: அப்போதும் மனநோய் இல்லை, இப்போதும் இல்லை.

அந்த வரியை என்னை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றே ஜெராக்ஸ் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் பூங்கோதைக்கு அனுப்பினார். கீழே அந்த வரியைத் தமிழிலும், கூடவே என் வீட்டு டெலிபோன் நம்பரையும் எழுதியிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு போன் வந்தது. அவர் என் எதிரில்தான் இருந்தார்; ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். எங்கள் போனில் எதிர்முனைப் பேச்சு அறை முழுக்கக் கேட்கும். ஆகவே கேட்டேன், ஒட்டுக் கேட்கவில்லை.

“பேப்பர் வந்துச்சு. வாசிச்சேன்” என்றாள் பூங்கோதை.

“இனி ஒங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?”

“அண்ணன் தவறிப்போயி ரெண்டு வருஷமாச்சு.”

இவர் ரிசீவரை இறுக்கிப் பிடித்தார். “அப்ப நீ வாரியா?”

“நீங்க பைத்தியம்னு நான் எப்பவாவது சொன்னேனா? ஒரு நாளு வாசல்ல வந்து நின்னு, பூங்கோதை, கெளம்புன்னு சொல்லியிருந்தா, செருப்புகூடப் போடாம வந்திருப்பேன். வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் எட்டிப் பாத்தேன். லெட்டர்தான் வந்துச்சு. பதினாறு வருஷம்! அந்தப் பேப்பர நம்புனது எங்க அண்ணனும் நீங்களுந்தான்.”

மனு மனுவாக அடித்துக் கொடுத்த எனக்கு, ஊருக்குப் போய் ஒரு தடவை அவளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லத் தோன்றவே இல்லையே.

“இப்ப வந்து நிக்கட்டுமா?” என்றார் கடைசியில்.

“எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. வந்து நில்லுங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டு எழுந்தார். கை தன்னால் ஃபைலைத் தேடிப் போனது.

“அதை இங்கேயே வையுங்கோ” என்றேன்.

சற்றுத் தயங்கினார். பிறகு அதை என் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் கையோடு மாடிப்படி இறங்கி ஸ்டேஷனுக்குப் போனார்.