தலைவரின் ஆஸ்பத்திரியில் என் முறை

கல்முனைக்குப் போகும் வழியில் பஸ் படியில் கால் சுளுக்கி, கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் இறங்கிவிடுகிறேன். சுனாமி கொண்டுபோன கட்டடத்தைத் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் எங்கள் முஸ்லிம் தலைவரின் படம். பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பது மார்க்கக் கடமை என்று ஊர் ஊராகப் பேசியவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் பள்ளிக்கூடம் போனது அவரால்தான்.

காத்திருக்கும் வாங்குப் பலகையில் என் பக்கத்தில், தம்பிலுவில் என்ற தமிழ் ஊரிலிருந்து வந்த அக்கா ஒருவர். மடியில் காய்ச்சலில் முனகும் குழந்தை.

“இது எங்கட தலைவர் கட்டினது, தெரியுமா அக்கா?” என்கிறேன் பெருமையாக.

“ஓம் தங்கச்சி. தமிழாக்களுக்கும் சேத்துத்தான் எண்டு எங்கட ஊருக்கே வந்து சொன்னவர். யுத்தம் முடிஞ்ச பிறகுதான் பயமில்லாம வாறம்.”

கதவைத் திறந்த ஊழியர் என் முக்காட்டைப் பார்க்கிறார். “நீங்க வாங்க தங்கச்சி, நம்மட ஆக்கள்தானே.”

அக்கா எனக்கு முன்பே வந்தவர். இருந்தும் எழுந்து போகிறேன். அப்படிக் கூப்பிட்டது கொஞ்சம் பிடித்தும் இருக்கிறது.

டொக்டர் என் காலைத் தொடும்போது வெளியே குழந்தை வீரிடுகிறது. “அந்தப் பிள்ளையை முதல்ல பாருங்க டொக்டர்” என்று சொல்லிவிட்டு நொண்டியபடி வெளியே வருகிறேன்.

குழந்தையோடு உள்ளே விரையும் அக்கா என் கையைப் பிடிக்கிறார். “தலைவர்ட ஆக்கள் எண்டா இப்பிடித்தான். நல்லா இரிப்பீங்க.”

அவருடைய முறையைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குத்தான் இந்த வாழ்த்து. படம் இருக்கும் பக்கம் பார்க்காமல் வாங்கின் நுனியில் உட்காருகிறேன்.