சுனாமிப் பந்தி

ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டம், அதாவது பிஎச்டி, படிக்க ஐந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். அப்போது திருகோணமலையில் ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் சுனாமியில் இருந்து தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பெயரைக் கண்டதும் அவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான் என்று நினைத்தேன்.

பிழை பார்க்கத் தங்கச்சியிடம் கொடுத்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வாசித்தவள் முதல் பந்தியிலேயே நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, சுனாமி வந்த அண்டைக்கு நாங்கள் கண்டியில மாமா வீட்டில எல்லோ நிண்டனாங்கள்?"

"ஓம். ஆனா ஊருக்கு நடந்ததுதானே."

"அது சரி. நீங்கள் அலையைக் கண்டனீங்கள் எண்டெல்லோ எழுதியிருக்கிறீங்கள்."

எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பந்தியை அழித்தேன். பழைய ஆங்கிலக் கப்பற்காரர்கள் தங்கள் பயணக் குறிப்புகளில் எங்கள் துறைமுகத்தின் ஆழத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கரையில் வாழ்ந்தவர்களை ஏன் ஒரு வரியில் முடித்தார்கள் என்பதுதான் உண்மையில் எனக்கு அறிய வேண்டியிருந்தது. அதையே எழுதினேன்.

நான்கு இடங்கள் மறுத்தன. ஐந்தாவது இடத்தில் நேர்காணலுக்கு அழைத்து, அரை மணித்தியாலமும் அந்தக் குறிப்புகளைப் பற்றியே கேட்டார்கள். அனுமதிக் கடிதம் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தேன். மிச்சக் கொப்பிகளை அடுத்த நாளைக்குத் தள்ளி வைத்தேன்.