முகத்தில் அடித்த காற்று

நான் கடல் கடந்து குடியேறிய கேட்டி நகரில், எங்கள் வீட்டுக் கராஜில், சக்கரமெல்லாம் கழற்றி ஜாக் மேல் நிற்கிறது என் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சனிக்கிழமை கார்புரேட்டரைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. உடனே நினைவில் திருச்சி, சின்ன வயதின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கிழிந்த பனியனால் ஸ்கூட்டரின் பிளக்கைத் துடைக்கிறார். பிறகு என்னை முன்னால் நிற்க வைத்துக் கிளப்புகிறார். முகத்தில் காற்று அடிக்கிறது.

ஊரிலிருக்கும் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டேன். "அப்பா என்னை ஸ்கூட்டர்ல எங்கம்மா கூட்டிட்டுப் போவாரு?"

"எங்கடா போனீங்க? அது மாடி வீட்டு அங்கிள் வண்டி. அப்பாவுக்கு ஓட்டவே தெரியாது. தொடச்சு முடிச்சதும், ஸ்டாண்டுல வச்சே ஸ்டார்ட் பண்ணி முறுக்குவாரு. நீ 'இன்னும் வேகமா'ன்னு கத்துவ."

அப்படியானால் அந்தக் காற்று? பாலக்கரை தாண்டும்போது வந்த பக்கோடா வாசனை? அதையெல்லாம் நம்பித்தானே இந்தக் காரையே வாங்கினேன்?

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். என் மகள் உள்ளே ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கை வளைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாஸ்டர், அப்பா! ஃபாஸ்டர்!"

அவள் முடி பறக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.