மலர்விழி அடித்த வரி

மலர்விழி போன ஐப்பசியில் கண்ணை மூடினாள். எலிகளின் ஞாபகத்தைக் கொண்டு மூளையை ஆராய்ந்தவள் என்று ஊருக்கே தெரியும். அந்த ஆராய்ச்சி தொண்ணூற்றொன்று தை மாதத்திலேயே பாதியில் நின்றுபோக இருந்தது.

பொங்கலுக்குக் கச்சிராயபாளையம் வந்திருந்தவளுக்கு டெல்லி உதவித்தொகை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வுப் பத்திரிகையில் வெளியான அவளுடைய கட்டுரையில், அவளைப் படிக்கவைக்கும் ஆதிதிராவிடர் ஆய்வு உதவித்தொகையின் பெயரே இல்லை. பத்து நாளுக்குள் பத்திரிகைக்குத் திருத்தம் போகாவிட்டால் மூன்றாம் வருட உதவி கிடையாது. கடிதம் கைக்கு வந்தபோது ஒன்பது நாள் போயிருந்தது.

அப்பா அம்மாசி கரும்பு வெட்டைப் பாதியில் விட்டு, போன் பேச அவளோடு கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறினார்.

"அந்த அச்சாபீஸ்காரனுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அச்சுக்கு முன் சரிபார்க்க வந்த தாளில் உதவித்தொகைக்கு நன்றி சொல்லும் வரி இருந்தது. அன்று பல்கலைக்கழக வாசலில், இடஒதுக்கீட்டை எதிர்த்து, கூடப் படிக்கிறவர்கள் பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் தங்களுக்கு இந்த வேலைதான் என்று சிரித்தபடி ஷூ துடைத்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போனவள், சிவப்பு மையால் அந்த வரியை அடித்தாள்.

எஸ்.டி.டி. பூத்தில் மூன்றாவது முறைதான் லைன் கிடைத்தது.

"அச்சுப்பிழைன்னு நானே எழுதி இன்னிக்கே குடுத்துடறேன். சரிதானே?" என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் அரங்கநாதன்.

சரி என்றால் போதும். கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி அப்பா நின்றார்.

"அச்சாபீஸ் மேல தப்பில்ல சார். நான்தான் அடிச்சேன்."

மீட்டர் ஓடியது.

"ஏன்மா?"

"அதுல சாதி இருந்துது சார்."

அப்பாவின் கை கதவிலிருந்து நழுவியது. "ஏம் பாப்பா, அந்தப் பேரச் சொல்லித்தானே நான் ஊரெல்லாம் பீத்திக்கினு கீறேன்?"

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"இதை அப்படியே எழுதினா உதவித்தொகை ஆபீஸும் படிக்கும். நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க. யோசிச்சுக்கோ" என்றார் அரங்கநாதன்.

"எழுதிக்குங்க சார். உதவித்தொகையின் பெயரை நீக்கியவர், கட்டுரை எழுதிய மலர்விழியே."

திருத்தம் அப்படியேதான் வந்தது. உதவி நிற்கவில்லை. ஆனால் விளக்கம் கேட்டே பணத்தை ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அந்த ஐந்து மாதமும் அம்மாசி, கச்சிராயபாளையத்தில் வெட்டு முடிந்த பிறகும், அவள் செலவுக்காக மணலூர்பேட்டைப் பக்கம் போய்க் கரும்பு வெட்டினார்.